படித்திருப்பத்தில் நின்ற பகைவர்

கீழ்வானம் வெளுத்து, பனிமூட்டம் மெல்ல விலகி, மாடங்களின் கண்ணாடிதோறும் இளவெயில் ஏறிப் படர, உறங்கிக்கிடந்த அப்பெருநகர் சோம்பல் முறித்தெழுந்த வேளையில், அதன் நடுவே அடுக்கடுக்காய் ஓங்கிநின்ற நெஞ்சுநோய் மருத்துவமனை தன் வாயில்களை அகலத் திறந்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவோர்க்கெல்லாம் அங்கே இடமுண்டு, கற்றறிந்தீர்! நெஞ்சைப் பிடிக்கும் நாளே வாராமற் காக்க வல்ல மருத்துவத்திக்கு மட்டும் படிக்கட்டின் அடியில், துடைப்பங்கள் சார்த்திய அறைக்கு அடுத்த மூலையறையே வாய்த்திருந்தது.

முன்னர் அவளுக்கென்றே ஒரு காப்பு மருத்துவப் பிரிவு இருந்தது. உண்ணும் உப்பையும் ஊதும் புகையையும் குறைத்து, நடையையும் உறக்கத்தையும் திருத்தி, குருதிக்குழாய்கள் அடைபடுமுன்னரே காத்துவிடலாம் என்று துணிந்து, அவள் தன் இளமை முழுவதையும் அதிலே செலவிட்டிருந்தாள். அவள் சொல்லால் புகையை விட்ட பேருந்து ஓட்டுநர் ஒருவர், ஒலியெழுப்பலாகாது என்னும் பலகையைச் சற்றும் மதியாமல், மருத்துவமனையைக் கடக்கும்போதெல்லாம் ஒலிப்பானை அழுத்தி அவளுக்கு வணக்கம் சொல்லிப் போவார். அதைக் கேட்டு அவள் தனியே சிரித்துக்கொள்வாள்.

அறுவைத்திறத்தால் புகழ்பெற்ற தலைமை மருத்துவருக்கோ அப்பிரிவு வீண்வேலையாகவே தோன்றிற்று. நிறைந்த அவையில் அவர் அவளைச் சுட்டி, “வராத நோய்க்கு வைத்தியம் பாக்குறாங்க இந்தம்மா. தீப்பத்தாத வீட்டுல போய்த் தண்ணி ஊத்துறாங்க!” என்றார். அவை குலுங்கச் சிரித்தது. பிரிவு மூடப்பட்டது; உடைந்த தள்ளுவண்டிகள் அவ்வறையில் குடியேறின. அதட்டிக் கேட்பார் இன்மையால் ஓட்டுநர் மீண்டும் புகையைத் தொட்டார், ஒருநாள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அப்படியே சாய்ந்து உயிர்விட்டார்.

“நீங்க சொன்னா மட்டுந்தான் கேப்பாரு டாக்டரம்மா. சொல்ல ஆளில்லாமப் போச்சே!” என்று அவர் மனைவி அலறிய அலறல், அவள் வயிற்றில் தீயாய் நின்றது. தலைமை மருத்துவரை அவள் வெறுத்தாள். உண்ணும்போதும் உறங்கும்போதும் வெறுத்தாள்.

மின்தூக்கியை ஏளனம் செய்து படியேறுவதையே பெருமையாய்க் கொண்டிருந்த அவர், ஒரு காலைப்பொழுதில் அவள் வாசலிலிருந்து தெரியும் படித்திருப்பத்தில் நின்று, சுவரில் தொங்கிய ஓவியம் ஒன்றைக் கூர்ந்து நோக்கினார். ஆண்டுக்கணக்காய்த் திரும்பியும் பாராத ஓவியம் அது. மறுநாளும் நின்றார், நிற்கையில் அவர் கை கீழ்த்தாடையைத் தேய்த்தது. மருத்துவத்தி கண்டாள், கண்டதும் அறிந்தாள். ஏறும்போது வந்து, நிற்கும்போது தணியும் அத்தாடைவலி, அடைபட்டுவரும் குருதிக்குழாயின் முறையீடு. ஊரார் நெஞ்சையெல்லாம் திறந்து பார்த்தவர் தம் நெஞ்சின் குரலைப் பல்வலி என்று தள்ளிவிட்டார் போலும்.

எழுந்து சொல்ல ஒரு நொடி அவள் உதடு பிரிந்தது. மறுநொடி அவையின் சிரிப்பு காதில் விழுந்தது. ‘பத்தட்டும்’ என்று எண்ணி அவள் வாயை மூடிக்கொண்டாள். அன்றுமுதல் கதவை ஒருக்களித்து வைத்து, அவர் நிற்பதும் தேய்ப்பதும் நீண்டுகொண்டே போவதை இனிப்புத் தின்பவளைப்போல் சுவைத்துப் பார்த்திருந்தாள். அவள் கையில் கத்தியில்லை, நஞ்சில்லை. சும்மா இருந்தாள், அவ்வளவே.

இலையுதிரும் பருவம் முடியுமுன் அவர் அவள் வாசலிலேயே சுருண்டு விழுந்தார். கற்ற கைகள் சும்மா இருக்கவில்லை. ஓடிவந்து அவர் மார்பை அழுத்தியவள் அவளே. உயிர் மீண்டது. ஆயினும் இதயத்தசையில் பாதி மாண்டது. இனி அவர் கத்தி பிடிக்கலாகாது என்றாயிற்று.

அவளைக் காணவேண்டும் என்று சொல்லியனுப்பினார். ‘பத்தின வீடு எப்படி இருக்கு?’ என்று கேட்பதற்கென்றே அவள் சென்றாள். அவரோ மெலிந்த குரலில் முந்திக்கொண்டார்.

“ஆளைப் பாத்தாலே சொல்லிடுவீங்கன்னு உங்க நோயாளிங்க சொல்வாங்க. தினமும் உங்க வாசல் வழியாத்தானே ஏறினேன். எங்கிட்ட ஒண்ணும் தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“எப்போ?”

“நீங்க நின்னு படம் பாத்த அன்னைக்கே.”

“சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். அப்புறம் தனியா உக்காந்து பயந்திருப்பேன்” என்றார். பின்னர், “உங்க பிரிவைத் திறக்கச் சொல்லிட்டேன். முதல் ஆளா நான் வரேன்” என்றார். அவர் குரலில் சினம் சிறிதும் இல்லை. சினந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ எளிதாயிருக்கும்!

தள்ளுவண்டிகள் அகன்றன. திறந்த அறையில் முதல் ஆளாய் அவரே வந்தமர்ந்து, பள்ளிப்பிள்ளைபோல் கைகட்டி, “சொல்லுங்க டாக்டர், என்ன செய்யணும்?” என்றார். விரும்பிய வெற்றியெல்லாம் ஒருங்கே வந்து நிற்க, அவள் குறிப்பேட்டைத் திறந்து முதல் வரியில் அவர் பெயரை எழுதினாள். சொல்லாமையால் ஓர் உயிரை இழந்தவள், அதே சொல்லாமையைத் தன் கருவியாக்கிக்கொண்டாளே! பழி தீர்ந்தது, கற்றறிந்தீர். தீர்த்தவளிடத்தில்தான் ஒன்றும் எஞ்சவில்லை. சாளரத்தின் கீழே பேருந்தொன்று ஒலியெழுப்பாமல் கடந்துபோயிற்று.