முன்னறையில் ஒருவர், பின்னறையில் ஒருவர்

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை மெக்கானிக் வீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு தொழில் இல்லாமல் இல்லை. கிழிந்ததைத் தைப்பாள், பெருத்தவர்களின் துணியைப் பிரித்து அகலமாக்குவாள், இளைத்தவர்களின் துணியைப் பிடித்துக் கொடுப்பாள். ஆனால் லிஃப்ட் பழுது பார்க்கிற கணவன் வாய்த்துவிட்டால், தையலில் கொடி நாட்டினாலும் மெக்கானிக் வீட்டம்மாதான். தெருவோடு யார் வாதாடுவது?

மெக்கானிக் பின்னறையில் படுத்துக் கிடந்தார். பக்கவாதம் வந்து உடம்பில் ஒரு பாதி போய்விட்டது. பேச்சு வரும்; ஆனால் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு மாடி ஏறி இறங்கிவிடலாம். இதில் சந்தேகம் எதுவும் இல்லை. டாக்டர் சொன்னது, எல்லோரும் கண்ணால் பார்த்தது.

சந்தேகமான விஷயம் வேறு. மதியச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கியதும், அதே மெக்கானிக் முன்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். கிரீஸ் படிந்த காக்கிச் சட்டை, தோளில் டூல் பை. செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, "டீ இருக்கா, இல்ல கேட்டா முறைப்பியா?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வந்த கேள்வி. பக்கவாதத்தோடு நின்றுபோன கேள்வி.

முதல் நாள் அவள் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பின்னறைக்கு ஓடினாள். அவர் அங்கே வாயோரம் எச்சில் வழியத் தூங்கிக்கொண்டிருந்தார். திரும்பி ஓடிவந்தாள். அவர் இங்கே தையல் மெஷினைக் குனிந்து பார்த்து, "எண்ணெயே காட்டலியா நீ இதுக்கு?" என்று கடிந்துகொண்டிருந்தார். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்ன செய்வது என்று தெரியாதபோது எப்போதும் செய்வதையே செய்தாள். அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

மகளும் பார்த்தாள். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைக்கிறவள், அன்று தானே போய் உட்கார்ந்தாள். கண்ணில் ஒரு பழுதும் இல்லை. "உனக்கும் தெரியுதாம்மா?" என்று அவள் கேட்டபோது தாய்க்குப் பாதி நிம்மதி, பாதி பயம்.

பிறகு வீட்டம்மாவின் தம்பி வந்தான். வீட்டுப் புரோக்கர், வாயை மூடினால் தொழில் படுத்துவிடும் என்று நம்புகிறவன். நாற்காலியைப் பார்த்ததும் அந்த வாய் திறந்தபடி அப்படியே நின்றது. ஆனால் ஆள் தேறிவிட்டான். கொஞ்ச நேரத்தில் சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டான்.

"யாரா இருந்தா என்னக்கா, மச்சான் மாதிரியே ஏமாத்தி ஆடுறாரு," என்றான். கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினான். "செத்தவங்கதானே ஆவியா வருவாங்க? மச்சான்தான் உசிரோட உள்ள படுத்திருக்காரே. அப்ப இது யாருக்கா?"

அவளுக்கு மட்டும் என்ன தெரியும்? ஒருநாள் நேராகவே கேட்டுப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

"என்ன கேள்வி இது? அந்த ஸ்க்ரூட்ரைவரை எடு."

அவர் கையைத் தொட்டால் சூடாகத்தான் இருந்தது. ருசித்து ருசித்து டீ குடிப்பார். போன பிறகு பார்த்தால் டம்ளரில் டீ குறையாமல் ஆறிக் கிடக்கும். பின்னறைப் பக்கம் மட்டும் தலையைத் திருப்ப மாட்டார். அவளும் மதியமானால் பின்னறைக் கதவைச் சாத்த ஆரம்பித்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டால் இருவரில் ஒருவர் இல்லாமல் போய்விடுவாரோ என்று பயம். யார் போனால் உனக்குத் தாங்காது என்று ஒருநாள் தன்னையே கேட்டுக்கொண்டாள். முன்னறைக்காரர் என்று மனசு பட்டென்று சொன்னது. அந்த மனசை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, அவர் வருவதற்குள் தலையை வாரிக்கொண்டாள்.

பின்னறையில் கவனிப்பு குறைந்தது. முன்பெல்லாம் அவர் கட்டிலோரப் பெல்லை அழுத்தும் முன்பே போய் நிற்பாள், புரட்டிப் படுக்க வைப்பாள், முதுகைத் துடைப்பாள். இப்போது பெல் அடித்தால் எரிச்சல் வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுந்து போவது யாருக்குத்தான் பிடிக்கும்? இப்படியே போனால் உள்ளே கிடக்கிற மனிதரை ஒருநாள் சுத்தமாக மறந்துவிடுவோம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்தும் கதவைச் சாத்தினாள்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு, அதை இங்கே சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர்கள் முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். விவரம் தெரியாத யாராவது மேலே கரண்டைக் கொடுத்துவிட்டால் உள்ளே இருப்பவன் நசுங்கிப் போவான். மெக்கானிக் வீட்டில் ஒரு பல்பு மாற்றினாலும் இதே கதைதான். கட்டை அப்பாவின் பையில் இருக்கும்வரை யாரும் போர்டைத் தொடக் கூடாது, எப்போது வரும் என்று கேட்கவும் கூடாது. அவர் கையால் எடுத்துக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். வேறு வீடாக இருந்தால் கரண்ட் போனதும் நாலு பேர் எழுந்து பார்ப்பார்கள். இவர்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று தையல் மெஷின் மோட்டார் இழுத்து இழுத்து ஓடியது. முன்னறைக்காரர் காதை வைத்துக் கேட்டார். எழுந்து போய்க் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஃபேன் நின்றது. மோட்டாரை மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டே, ஓர் ஆபீஸில் முதலாளியும் அவருக்கு ஆகாத கணக்கப்பிள்ளையும் இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். "ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காதவனுங்க. நான் போய்க் கதவைத் திறக்கறேன், ரெண்டு பேரும் சம்பந்தி ஆயிட்டானுங்க." அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

மகள் வேலை முடிந்து வந்தாள். "ஏம்மா இருட்டுல உக்காந்திருக்கே?"

"அப்பா கட்டையை எடுத்துப் பையில வெச்சிருக்காரு."

"எந்த அப்பா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. மோட்டார் மெஷினிலேயே இருந்தது, ஒரு திருகுகூடக் கழற்றப்படவில்லை. ஆனால் போர்டில் கட்டை இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"அம்மா, அப்ப பெல்லு?" என்றாள் மகள்.

பெல்லும் அந்தக் கரண்டில்தான் ஓடியது. படுக்கைப்புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தையும் அதில்தான். மதியத்திலிருந்து அவர் எத்தனை தரம் அழுத்தியிருப்பாரோ, தண்ணீருக்கு எப்படித் தவித்திருப்பாரோ. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தான் ஒரு கொலைகாரி என்றே நினைத்தாள். மகள்தான் அவளை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

ஜன்னல் திறந்திருந்தது. மெக்கானிக் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரிப்பு மாற்றப்பட்டிருந்தது. தலை வாரியிருந்தது. தண்ணீர் கிளாஸ் காலியாக இருந்தது. போட்டிருந்தது காலையில் போட்ட சட்டை இல்லை. பட்டன் அறுந்து பல நாளாகத் தையல் கூடையில் கிடந்த சட்டை. இப்போது அதில் பட்டன் இருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். நூலைச் சுற்றிப் பின்பக்கம் இழுத்துப் போட்ட முடிச்சு அவளுடைய முடிச்சேதான்.

"யாருப்பா சட்டை மாத்திவிட்டது?" என்று மகள் கேட்டாள்.

அவர் நல்ல கையால் மனைவியைக் காட்டினார். "இவ."

"நான் இந்தப் பக்கம் வரவே இல்லியேங்க."

"இப்ப... தானே... எழுந்து போனே. சிரிச்சிக்கிட்டே."

சட்டைப் பை புடைத்துக்கொண்டிருந்தது. ஃபியூஸ் கட்டையின் வெள்ளைப் பீங்கான் விளிம்பு வெளியே தெரிந்தது. கட்டிலை விட்டு இறங்க முடியாத மனிதரின் பைக்குள் அது எப்படி வந்தது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ. எட்டி எடுக்கவும் இல்லை. மகள் கையை நீட்டினாள். அவர் நல்ல கையால் தடவி எடுத்துக் கொடுத்தார். அவள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கட்டையை மாட்ட முன்னறைக்குப் போனாள்.

"எவ்வளவு நாளா இப்படி வர்றா?" என்று மனைவி கேட்டாள். வர்றேன் என்பதா, வர்றா என்பதா என்று வாய் ஒரு கணம் தடுமாறியது.

"மதியம்... கதவைச் சாத்துவே. அப்புறம்... இங்க வந்து உக்காருவே. அவசரமே... இருக்காது உனக்கு."

அவளுக்குப் பொறாமையாக இருந்தது. தன் மேலேயே தனக்குப் பொறாமை. வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவு நாளும் இந்த மனிதர் தனியாகக் கிடக்கிறார் என்று நினைத்துத்தான் அவள் குற்ற உணர்ச்சியில் வெந்துகொண்டிருந்தாள்.

"நான் முன்னால... உங்களோடதான்..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். என் குரல்... எனக்குத் தெரியாதா?" அவர் மூச்சு வாங்கினார். "நல்லா... சிரிக்க வெக்கிறான் உன்னை."

அதில் குத்தல் இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். இல்லை. அதுதான் அவளை அழ வைத்தது. அவர் கண்ணைச் சுருக்கி, அரையிருட்டில் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்திலும் அவள் முகத்திலிருந்த அதே குழப்பம்.

"இப்ப வந்திருக்கறது... எது?"

முதுகு வலித்தது. நேற்று ஊசி ஏறிய விரல் வீங்கியிருந்தது. சிரித்த சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அலுத்துப்போனவ," என்றாள்.

அவர் நல்ல கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றிச் சுவரோரமாக நகர ஆரம்பித்தார். கொஞ்சம் நகர்ந்தார், நின்றார், மறுபடி நகர்ந்தார். தூக்கிவிட அவள் கை பரபரத்தது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓர் ஆள் உட்கார இடம் கிடைத்ததும் அவள் அதில் உட்கார்ந்தாள்.

விளக்கு எரிந்தது. காற்று மெத்தையின் மோட்டார் முனக ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே, முன்னறையிலிருந்து அவருடைய பழைய சிரிப்பு கேட்டது. அதோடு சேர்ந்து ஒரு பெண்ணின் சிரிப்பும்.

"அம்மா," என்று மகள் அங்கிருந்து கூப்பிட்டாள். "நீ எங்கம்மா இருக்கே?"

எழுந்து போய் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. கணவரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய அசையாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இங்க இருக்கேன்," என்றாள்.