ஏழாம் நம்பர் மலையின் பெறுமதி

அனுப்பிய பிறகுதான் டிலானிக்குப் பயம் வந்தது.

அதுவரைக்கும் அது ஓர் ஒப்படை மட்டுமே. வார இறுதிகளில் ஹட்டனுக்குப் போய்ப் படிக்கும் கம்பனி நிதிப் பாடத்தின் முதல் ஒப்படை. "உங்களைச் சுற்றி நடக்கிற ஓர் உண்மையான முதலீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் காசு போடலாமா, கூடாதா என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள்" என்று விரிவுரையாளர் ராமநாதன் சொல்லியிருந்தார். டிலானி தான் பிறந்து வளர்ந்த குருவிமலைத் தோட்டத்திலேயே ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிகள் பட்டுப்போய் ஆங்காங்கே வெற்றிடம் விழுந்திருந்தது. அங்கே புதுக்கன்று நட்டுத் தேயிலையைக் காப்பாற்றுவதா, அல்லது மலையை விறகு மரத்துக்கு விட்டுவிடுவதா என்று கம்பனி யோசித்துக்கொண்டிருந்தது. சின்னத்தொரை என்று எல்லோரும் அழைக்கும் உதவி முகாமையாளர் சுதாகரன், அந்த மலையின் இரண்டு வருடக் கொழுந்து நிறையையும் சம்பளச் செலவையும் அவளுக்குக் கொடுத்தார். "நல்லா வந்தா எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்க" என்றார்.

ஏழாம் நம்பரைத் தேர்ந்தெடுத்ததற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அவள் அம்மா பெற்றீசியா கொழுந்து பறிப்பது அந்த மலையில்தான். கணக்கு நிச்சயம் நன்றாக வரும், மலை தப்பிவிடும் என்று நம்பினாள்.

இன்று கன்று நடுவதற்குப் போடும் காசு இன்றைய காசு. பத்து வருடம் கழித்து வரும் ரூபா இன்றைய ரூபா ஆகாது. அதை நூற்றுக்குப் பதினான்கு வீதப்படி வருடம் வருடமாகச் சுருக்கி இன்றைக்குக் கொண்டுவந்து, போட்ட காசைக் கழிக்க வேண்டும். மிச்சம் வந்தால் நடலாம். மிச்சம் வராமல் கழித்தல் குறி வந்தால் விட்டுவிடலாம். பாடத்தில் அவளுக்கு முதல் முறையாகப் புரிந்த பகுதி அது.

கழித்தல் குறிதான் வந்தது. நாற்பத்தொரு இலட்சம்.

மூன்று முறை சரிபார்த்தாள். ஒரு சதம் மாறவில்லை. விடையைப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கணக்கை மாற்றக்கூடாது என்று ராமநாதன் சேர் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தார். புதன்கிழமை பின்னேரம், சொன்ன சொல்லைக் காப்பாற்றச் சின்னத்தொரைக்கு அனுப்பிவைத்தாள். பதினைந்து நிமிடத்தில் பதில் வந்தது. 'மிக நன்று. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இதையே காட்டப்போகிறேன்.'

அதை அவள் இரண்டு முறை படித்தாள்.

ஏழாம் நம்பரை மூடினால் அங்கே வேலை செய்யும் பதினான்கு பெண்களையும் மேல் டிவிஷனுக்கு அனுப்புவார்கள். பஸ் போகாத பாதை. விடியற்காலையில் ஐந்து கிலோமீற்றர் ஏற வேண்டும். அம்மாவின் இடது முழங்கால் லயத்து வீட்டுப் படிக்கட்டையே ஒவ்வொன்றாகத்தான் ஏறும். மேல் டிவிஷன் என்றால் அம்மாவுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். அந்தத் தீர்ப்பை எழுதியது அவள் கை.

வியாழக்கிழமை மாலை பெற்றீசியா வேலை முடிந்து வந்து, காலில் அட்டை கடித்த இடத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். டிலானி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னா புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பரீட்சையில கோட்டை விட்டுட்டியா?"

"பரீட்சை இல்லம்மா. ஒப்படை."

"ரெண்டும் ஒண்ணுதான். ரொட்டிய திருப்பு, கருகுது." பெற்றீசியா பலகையில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தாள். "இன்னிக்கு எனக்கு இருபத்தாறு கிலோ, தெரியுமா? எங்க செட்டுல யாருமே இருபதுக்குக் கொறைச்சல் இல்ல."

டிலானியின் கை நின்றது. அவளுடைய கணக்கில் ஏழாம் நம்பரின் ஒரு நாள் கொழுந்து சராசரி நூற்றிருபது கிலோ. பதினான்கு பேர், ஆளுக்கு இருபது என்றாலே இருநூற்றெண்பது வர வேண்டும்.

"பதினாலு பேருமா இருபதுக்கு மேல?"

"பின்ன? இருபது இல்லாட்டி அரைப்பேருதானே போடுவாங்க. அரை நாள் சம்பளத்துக்கு எவ மழையில நனைவா?"

"கொழுந்த எங்க நிறுத்தீங்கம்மா?"

"காலையில எடுக்கிறத மேல, நம்ம நிறுவை மடுவத்துல. மத்தியானத்துக்கு அப்புறம் கீழ் பாதிக்கு எறங்கிருவோம். அதக் கீழதான், ஒம்பதாம் நம்பர் மடுவத்துல." மகளின் முகத்தைப் பார்த்து அம்மா சிரித்தாள். "என்னா அப்படிப் பாக்கிற? பாதையில மண்ணு சரிஞ்சதுல இருந்து ரெண்டு வருசமா அப்படித்தான். இருபது கிலோவத் தலையில மாட்டிக்கிட்டு அந்த வழுக்கப் பாறையில ஏறுனா கொழுந்து மட்டும்தான் மடுவத்துக்குப் போய்ச் சேரும். நாங்க ஆத்துல கெடப்போம்."

"கீழ நிறுத்தா எந்த மலை நம்பர்ல விழும்?"

"அது எனக்கு எதுக்கு? என் கார்டுல என் கிலோ விழுதா, அதான் கணக்கு. மத்தத உன் ஆளுகிட்ட கேளு. அவருதானே நிறுக்கிறாரு."

டிலானிக்கு ரொட்டி கருகும் வாசனைகூடத் தெரியவில்லை. பதினான்கு பேரின் சம்பளம் ஏழாம் நம்பரின் செலவாக எழுதப்படுகிறது. அவர்கள் பறித்ததில் பாதிக்கு மேல் ஒன்பதாம் நம்பரின் வரவாக எழுதப்படுகிறது. செலவு ஒரு மலையில், வரவு இன்னொரு மலையில். நாற்பத்தொரு இலட்சம் நட்டம் அந்த மலை உண்டாக்கியதில்லை.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் அந்தக் கிலோவை ஒன்பதாம் நம்பரில் எழுதியது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒன்பதாம் நம்பர் மடுவத்தில் தராசு பிடிப்பவன் நிரோஷன். கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வருவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் ஒன்பதாம் நம்பர் மடுவத்துக்கு இறங்கினாள். தகரக் கூரையில் மழை அடித்தது. முதல் நிறுவை முடிந்து பெண்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நிரோஷன் மின்தராசை ஈரம் படாமல் துணியால் மூடிக்கொண்டிருந்தான்.

"என்னா, கம்பனி நிதி மேடம் இந்தப் பக்கம்?"

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"மெஷின்ல மலை நம்பர மாத்தலாம்தானே, நிரோஷன்?"

"மாத்தலாம். ஆளுக்கு ஆள் மாத்தி மாத்தி அடிக்கணும். நாப்பது பொம்பளைங்க மழையில நிக்கிறப்போ நீ வந்து அடி, பாப்போம்." குரல் உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. "போன மாசம் சின்னத்தொரை எல்லாருக்கும் முன்னாடி என் தோள்ல தட்டுனாரு. தோட்டத்துலயே ஒம்பதாம் நம்பர்தான் முதல்னு. என் நிரந்தரக் கடிதம் அவரு மேசையில கெடக்கு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இப்ப போய், அதுல பாதி வேற மலைக் கொழுந்துன்னு சொல்லணுமா?"

"சின்னத்தொரைகிட்ட உங்க பேர நான் சொல்ல மாட்டேன்."

"இந்த மடுவத்துல நான் ஒருத்தன்தான் இருக்கேன் டிலானி. சொல்லாட்டி தெரியாதாக்கும்."

அவள் அலுவலகப் பாதையின் பக்கம் திரும்பினாள். போ என்றோ போகாதே என்றோ அவன் சொல்லவில்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

தோட்டத்து அலுவலகத்துக்கு ஏறும் பாதையில் இரண்டு இடத்தில் அவள் திரும்பிப் போக நினைத்தாள். எதுவும் சொல்லாமல் விட்டால் அவன் வேலை பிழைக்கும். சொன்னால் அம்மாவின் வேலை பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம். அந்த 'லாம்' என்ற ஒன்றை நம்பித்தான் நடந்தாள்.

சுதாகரன் திங்கட்கிழமைக்கான தாள்களை அச்செடுத்துக்கொண்டிருந்தார். மேலே இருந்தது அவளுடைய கணக்கு.

"வாங்க வாங்க. நீங்கதான் நம்ம ஸ்டார்."

"அந்தக் கணக்கு பிழை, சேர்."

அவர் கை அச்சு இயந்திரத்தின் மேலேயே நின்றது. "கூட்டல் பிழையா?"

"கூட்டல் சரி, சேர். ஏழாம் நம்பர் கொழுந்து பிழை. பதினாலு பேருக்கும் முழுப்பேர் போட்டிருக்கு. முழுப்பேர்னா இருபது கிலோவுக்குக் குறையாம எடுத்திருக்கணும். ஆனா மலைக்கு நூற்றிருபது கிலோதான் எழுதியிருக்கு."

அவர் தாளை இழுத்துத் தானே வகுத்துப் பார்த்தார். முகம் இறுகியது.

"ஆளுக்கு எட்டு கிலோ சொச்சம். எட்டு கிலோவுக்கு யாரு முழுப்பேர் போட்டது? அப்போ ரெண்டு வருஷமா பொய்ப்பேரா?"

இப்படி ஒரு கதவு திறக்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. மலையைக் காப்பாற்ற வந்து, பதினான்கு பேரையும் கள்ளச் சம்பளம் வாங்கியவர்களாக ஆக்கிவிட்டாள். அம்மாவின் இருபத்தாறு கிலோ அவள் வாயாலேயே பொய்யாகிக்கொண்டிருந்தது.

"இல்ல சேர். அவங்க எடுத்தாங்க. மத்தியானக் கொழுந்த வேற இடத்துல..." அதற்கு மேல் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது.

"வேற எங்க? சொல்லுங்க. இது சின்ன விஷயம் இல்ல."

"என்கிட்ட, சேர்."

வாசலில் நிரோஷன் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. துணியில் சுற்றிய தராசை நெஞ்சோடு பிடித்திருந்தான். மூச்சு வாங்கியதைப் பார்த்தால் குறுக்குப் பாதையில் ஓடி வந்திருக்க வேண்டும்.

"கீழ் பாதிக் கொழுந்த நான்தான் ஒம்பதாம் நம்பர்ல நிறுத்தேன். பாதை இல்லாததால. ஒவ்வொரு நிறுவையோடயும் ஆளோட நம்பர் இதுல இருக்கு. அன்னிக்கு ஏழுல பேர் போட்டவங்கள மட்டும் பிரிச்சு எடுக்கலாம். ஒரு கிலோகூடப் பொய் இல்ல."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கல சேர்." நிரோஷன் தரையைப் பார்த்தான். "ஒம்பதாம் நம்பர்தான் முதல்னு நீங்க சொன்னப்போ எனக்கும் சந்தோஷமா இருந்திச்சு."

சுதாகரன் அச்செடுத்த தாள்களைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மேசைத் தட்டிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அது என்ன கடிதம் என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"அடுத்த நிறுவைக்கு மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து புதுசா போடுங்க. மேல் பாதி தனியா, கீழ் பாதி தனியா."

நிரோஷன் வாசித்தான், அவள் தட்டினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. மேல் பாதிக்கு விடை வந்தபோது பத்தொன்பது இலட்சம் கழித்தல். கீழ் பாதிக்குப் பன்னிரண்டு இலட்சம். முன்னால் எந்தக் குறியும் இல்லை.

"பதினாலு வீதம் கொழும்புல எடுபடாது. வங்கி வட்டி ஏறும்னு சொல்லுவாங்க" என்றார் சுதாகரன். "பதினாறு போடுங்க."

வீதம் கூடினால் எதிர்காலக் காசு இன்னும் சுருங்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். ஏழு இலட்சம்.

"பதினெட்டு."

இரண்டரை இலட்சம். ஒரு நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது கீழ் பாதி.

"போதும்" என்றார் அவர். "கீழ் பாதி தேயிலையாவே இருக்கட்டும்னு எழுதுறேன். அவங்க என்ன சொல்லுவாங்களோ எனக்குத் தெரியாது."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை ஹட்டன் வகுப்பில் ராமநாதன் சேர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை. பூசையில் முழங்காலிட்டபோதும் இரண்டரை இலட்சம் என்ற எண்தான் வாயில் வந்தது. அம்மாவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அம்மா எப்போதும்போல மலைக்குப் போனாள். பத்து மணிக்கு இரண்டு ஜீப்புகள் மேலே ஏறின. மூன்று மணிக்குத் திரும்பி இறங்கின. மூன்றரைக்குக் கைபேசி ஒலித்தபோது அவளால் உடனே எடுக்க முடியவில்லை. நான்காவது மணியில்தான் எடுத்தாள்.

"கீழ் பாதி தப்பிச்சிருச்சு" என்றான் நிரோஷன். "மேல் பாதிக்கு மரம்."

"பதினாலு பேரும்?"

"பதினாலு பேரும் கீழதான். யாரும் மேல் டிவிஷனுக்குப் போக வேணாம். இனி நான் ஆளுக்கு ஆள் நம்பர் மாத்தி அடிக்கணுமாம். வரிசை நீளும். உன் அம்மாதான் மொத ஆளா என்னைத் திட்டப்போறாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. கேட்கப் பயந்ததைக் கேட்டாள்.

"உங்க கடிதம்?"

"ஆறு மாசம் தள்ளிட்டாங்க. நிரந்தரமில்லாம பொண்ணு கேட்டுப் போகக் கூடாதுன்னு அப்பா நிக்கிறாரு. கிறிஸ்மஸுக்கு வீட்டுல வர மாட்டாங்க."

டிலானி கைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"கோவமா?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை இருந்திச்சு. பாதித் தூரம் ஓடி வர்ற வரைக்கும் இருந்திச்சு." என்றான் நிரோஷன். "கிறிஸ்மஸுக்கு நான் மட்டும் வர்றேன். கேக் சாப்பிடத்தான். அதுக்கு உங்கம்மா நிரந்தரக் கடிதம் கேக்க மாட்டாங்கதானே?"

டிலானி லயத்தின் நனைந்த படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்தாள். கீழே, ஒன்பதாம் நம்பர் மடுவத்தின் பக்கமிருந்து பெண்கள் ஏறி வரும் பேச்சுச் சத்தம் கேட்டது. அம்மா யாரையோ சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டு வந்தாள். இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவாள். இந்த முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்க எழுந்தாள்.