ரிச் லுக்

மகளின் கல்லூரியில் கட்டணச் சலுகை கேட்டு விண்ணப்பிக்க ஸ்கூட்டர் மெக்கானிக்குக்குத் தன் போட்டோ ஒன்று தேவைப்பட்டது. பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு நேராக ஸ்டுடியோவுக்குப் போனார்.

போட்டோக்காரர் அவரைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரிலேயே கோட்டு மாட்டினார், டை கட்டினார், ஒட்டிப்போன கன்னத்தை நிரப்பினார். “எப்படிண்ணே, ரிச்சா இருக்கா?”

மெக்கானிக்குக்கு வாயெல்லாம் பல். அந்த வார்த்தையை அதுவரை யாரும் அவரைப் பார்த்துச் சொன்னதில்லை. வீட்டில் மனைவி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “இந்த ஆளைக் கட்டியிருக்கலாம்,” என்று பெருமூச்சு விட்டாள்.

கல்லூரி அலுவலகப் பெண் மட்டும் மசியவில்லை. “யாரு சார் இது?”

“நான்தாம்மா.”

“இவருக்கு எதுக்கு சலுகை? காலேஜையே விலைக்குக் கேட்பார் போல இருக்காரே! வேற போட்டோ கொண்டு வாங்க.”

அவர் ஸ்டுடியோவுக்கு ஓடினார். “தம்பி, கொஞ்சம் ஏழையா மாத்திக் குடுப்பா.”

போட்டோக்காரர் முகம் தொங்கிப்போயிற்று. “சீப்பா தெரியுமேண்ணே! என் கடைப் பேரு என்னாகிறது?”

“நீ ஒண்ணும் பண்ணாதே. எடுத்ததை எடுத்தபடி குடு.”

“அப்படி யாருக்குமே குடுத்ததில்லையே,” என்று புலம்பியபடி அவர் கோட்டைக் கழற்றினார், டையை அவிழ்த்தார். கன்னம் மறுபடி ஒட்டிக்கொண்டது. சொத்தை ஜப்தி செய்வதைப் பார்ப்பதுபோல் மெக்கானிக் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சலுகை கிடைத்துவிட்டது. கோட்டுப் படத்தை மனைவி சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் யாரென்று கேட்டால், “இவரோட அண்ணன்,” என்றாள். மெக்கானிக்கும் மறுக்கவில்லை.