கயிற்றுவில், சுற்றுவில், ஒரு பெண்மான்

1

இடது தோள் வலிக்கிறது. வலி பட்டையில் தொடங்கி முழங்கை வரை இறங்குகிறது, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் இதை வலது கையால் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறேன். வாக்கியங்கள் குட்டையாக வந்தால் அதைப் பாணி என்று யாரும் பாராட்டிவிட வேண்டாம்.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வடக்கு விஸ்கான்சினில் ஒரு மர அறுவை ஆலையில் பதினெட்டு வருடமாகப் பலகை அடுக்குகிறேன். பலகையின் ஒரு முனை என்னுடையது. மறுமுனை வெண்டல் க்ரோலுடையது. அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. போன செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடித்த ரொட்டியை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு தாள்களை என் பக்கம் தள்ளினான். தாளுக்கு ஒரு குறுக்குவில் படம்: துப்பாக்கிக் கட்டையின் முனையில் குறுக்காகப் பொருத்திய வில்.

"சேத், நீதான எழுதுற ஆளு. படிச்சுப் பாத்துச் சொல்லு. எதை வாங்கட்டும்?"

(என் பெயர் சேதுபதி. ஆலையில் அதில் பாதியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.)

எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் மனிதன் உலகத்தில் இன்னும் ஒருவனாவது மிச்சம் இருக்கிறான் என்ற மகிழ்ச்சியில், ஆயுளில் ஒரு முயலைக்கூட அடிக்காத நான் தாள்களை வாங்கி நெற்றியைச் சுருக்கினேன்.

முதல் வில்லின் நாணைக் கயிறு போட்டு இழுத்து ஏற்ற வேண்டும். முன்வளையத்தில் காலை நுழைத்துத் தரையோடு அழுத்தி, கயிற்றின் இரண்டு பிடிகளையும் இரண்டு கையாலும் ஒரே மூச்சில் மேலே இழுக்க வேண்டும். லேசான வில், பத்து நொடியில் தயார். இரண்டாவதில் கட்டையின் பின்பக்கம் ஒரு சுழற்றும் கைப்பிடி. ஒற்றைக் கையால் சுற்றச் சுற்ற நாண் மெல்ல ஏறும். கனம் அதிகம், நேரமும் ஆகும். ஆனால் தெம்பே இல்லாதவனும் ஏற்றிவிடலாம். அதுதான் அதன் நன்மை. அதுவேதான் அதன் சிக்கலும். ஒன்றைக் கயிற்றுவில் என்றும் மற்றதைச் சுற்றுவில் என்றும் வைத்துக்கொள்வோம்.

"கயித்தையே வாங்கு" என்றேன். படத்தில் அது அழகாக இருந்தது. காரணம் அவ்வளவுதான்.*

* இது பொய். ஐந்தாம் பகுதியில் திருத்துகிறேன். அதுவரை என்னை நம்பவும்.

2

தொடக்கங்கள்.

"பனி மூடிய கானகத்தின் பேரமைதியில், ஆதிமனிதனின் வேட்டைக் குருதி அவன் நரம்புகளில்..." (செப்டம்பரில் இங்கே பனி கிடையாது, கொசுதான். வெண்டலின் நரம்புகளில் ஓடுவது ஆலைக் காப்பி.)

"ஒவ்வொரு மனிதனும் வாழ்வில் ஒருமுறையேனும் இரண்டு விற்களுக்கு நடுவே நிற்கிறான்." (யாரும் நிற்பதில்லை. அடித்துவிட்டேன். அடித்த பிறகும் இரண்டு தடவை ஆசையாகப் படித்துப் பார்த்தேன்.)

"வெண்டல் நொண்டியபடி கடைக்குள்—"

இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. வெண்டல் நொண்டமாட்டான். அவனுக்குக் கெட்டது வலது தோள். தோள் வலி எழுத்தில் சரியாகத் தெரியாது, நொண்டினால் பளிச்சென்று தெரியும் என்று பேராசைப்பட்டேன். இந்த விஷயம் அவன் காதுக்குப் போனது. போகவிட்டது நான்தான். இப்படி ஒரு கதை எழுதுகிறேன் என்று பீற்றிக்கொண்டேன்.

"நான் எங்கடா நொண்டுறேன்?"

"கதையிலதான்."

"கதையிலயும் நொண்ட மாட்டேன். மான் சாகுதா?"

"இன்னும் தெரியல."

"அதைக்கூட முடிவு பண்ணாம உக்காந்துட்டு என்னத்த எழுதுற?"

ஆகவே நொண்டாத வெண்டல். சென்ற ஆண்டு அக்டோபரில் அவனுடைய வலது தோளின் தசைநார் கிழிந்தது. அறுத்துத் தைத்தார்கள். இன்னொரு தடவை கிழிந்தால் தைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அப்புறம் பலகை தூக்க முடியாது. பலகை தூக்காதவனுக்கு ஆலையில் வேலை கிடையாது. ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் முடிகிற இந்தச் செய்தியை விட்டுவிட்டு ஆதிமனிதனைத் தேடி அலைந்திருக்கிறேன் பாருங்கள்.

3

பக்கத்துப் பண்ணைக்காரன் ஆர்லின் மீது எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். மனிதனாக அல்ல, கதாபாத்திரமாக.

போன நவம்பரில் வெண்டல் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, ஆர்லின் ஒரு பெண்மானை அடித்து, குடல் எடுத்து, தோலுரித்து, வெண்டல் வீட்டுக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் போனான். கதவைத் தட்டவில்லை. மறுநாள் பார்த்தபோதும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்தப் பக்கத்தில் அப்படித்தான். கொடுத்தவன் சொல்லமாட்டான், வாங்கியவன் நன்றி சொல்லமாட்டான். மானுக்குப் பதில் மான் போய்ச் சேர வேண்டும். நடுவில் பணமோ பேச்சோ வரக்கூடாது.

அதன்பிறகு ஆர்லின் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறான்: "பெட்டியில எடம் கெடக்கா?" இறைச்சியை உறையவைக்கும் பெட்டியைச் சொல்கிறான். இன்னும் வேண்டுமானால் தருகிறேன் என்று அர்த்தம். வெண்டலுக்கு மட்டும் அது 'எப்போது தரப்போகிறாய்' என்று கேட்கிறது.

இவ்வளவு நல்லவனை எந்த வாசகர் நம்புவார்? ஒரு குறை தேடினேன். கிடைத்தது. ஆர்லினுக்கு வாய் ஓயாது. குறிப்பாகக் குறுக்குவில் என்றால். இந்த மாநிலத்தில் ஒருகாலத்தில் ஊனமுற்றவர்களும் வயதானவர்களும் மட்டுமே குறுக்குவில்லோடு காட்டுக்குள் போகலாம் என்று சட்டம் இருந்தது. சட்டம் மாறி வருடங்கள் ஆயிற்று. வாய்கள் மாறவில்லை.

4

புதன்கிழமை மாலை, டோரீன் கடை. தூண்டில் புழு, தோட்டா, மழைக்கோட்டு, வில் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பின்பக்கத்துக் கொட்டகையில் இருபது கஜத்தில் வைக்கோல் குறிப்பலகை. இந்தக் காட்சியில் நான் இல்லை. வெண்டலின் தலைக்குள் அனுமதி கேட்காமல் நுழைகிறேன். டோரீன் சொன்னதை வைத்துக்கொண்டு மீதியை ஊகிக்கிறேன். இதற்குத்தான் கதை என்று பெயர்.

வெண்டல் உள்ளே நுழைந்ததும் ஆர்லினைப் பார்த்தான். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"யார்டா அது? குறுக்குவில் வாங்க வந்த பெரிய மனுசனா?"

"நீ எதுக்குடா வந்த?"

"வேடிக்கை பாக்க. துப்பாக்கி தூக்கத் தைரியம் இல்லாதவனும் வில்லு வளைக்கத் தெம்பு இல்லாதவனும் சேந்து பெத்த புள்ள இது. யாருக்குப் பொறந்த மாதிரி இருக்குன்னு பாக்க வேணாமா?"

"ஆர்லின்" என்றாள் டோரீன். "சும்மா நிக்க முடியலேன்னா அந்தப் பெட்டியில நூறு புழு இருக்கான்னு எண்ணு."

வெண்டல் கயிற்றுவில்லை எடுத்தான். ஆர்லின் முன்னால் வேறெதையும் எடுக்க முடியாது. மூவரும் பின்கொட்டகைக்குப் போனார்கள். வெண்டல் வளையத்தில் காலை வைத்தான். இழுத்தான். தோளுக்குள் சூடான கம்பி ஒன்றைச் செருகி எடுத்தது போலிருந்தது. முகத்தை என்ன செய்வது என்று தெரியாமல் சீட்டியடித்தான். 'டக்' என்று நாண் மாட்டியது.

"பாத்தியா?"

"பாத்தேன்" என்றாள் டோரீன்.

மூன்று தடவை இழுத்தான். மூன்று அம்பு விட்டான். மூன்றும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நெருக்கமாகத் தைத்திருந்தன. அழகான கொத்து. என்ன, நடுவிலிருந்து ஓர் உள்ளங்கை அகலம் தள்ளி.

"ஸ்கோப் கோணல்" என்றான் வெண்டல்.

டோரீனுக்கு அறுபத்தைந்து வயது, முழங்கால் இரண்டும் போச்சு. வில்லை வாங்கினாள், இழுத்தாள், விட்டாள். அம்பு நட்டநடுவில் தைத்தது. அவள் அதைப் பெருமையாகப் பார்க்கவில்லை. நாணைத்தான் காட்டினாள்.

"நடுவுல வெள்ளையா ஒரு கோடு போட்டிருக்கேன், தெரியுதா? ரெண்டு கையும் ஒண்ணா வந்தா கோடு நடுவுல நிக்கும். உன் வலது கை ஒரு கோதுமை மணி அளவுக்குப் பின்தங்குது. அவ்ளோதான். இங்க அது ஒரு உள்ளங்கை. முப்பது கஜத்துல நெஞ்சு போயி வயிறு. வயித்துல வாங்குன மான் எங்கேயோ சதுப்புல போயி விழுந்து சாகும். உனக்கும் கெடைக்காது, யாருக்கும் கெடைக்காது."

யாருக்கும் என்றபோது அவள் ஆர்லின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டாள்.

மூவரும் கடைக்குத் திரும்பினார்கள். டோரீன் சுற்றுவில்லை மேசைமேல் வைத்தாள். வெண்டல் கைப்பிடியைத் தொட்டான். இதைச் சுற்றினால் சுற்றியதுதான். இனி இந்தத் தோள் இவ்வளவுதான் என்று இருவர் முன்னால் சொன்னதாகிவிடும். அந்த நேரத்தில் முதுகுப்பக்கம் ஒரு குரல்.

"நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு."

ஆர்லின் உண்மையாகவே புழு எண்ணிக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டி, பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு.

வெண்டல் ஒரு சுற்று சுற்றினான். அமைதியான கடையில் 'டிக்டிக்டிக்' என்று அது கேட்ட விதம் அவனுக்கே கூசியது. ஆர்லின் குரலை உயர்த்தினான். "நாப்பத்தெட்டு! நாப்பத்தொம்போது!" சுற்றும் சத்தம் கேட்கக்கூடாதென்று கத்தினான் என்று டோரீன் சொல்கிறாள். அவனுக்கு எண்ணிக்கை தப்பிவிடும் பயம் என்றும் வைத்துக்கொள்ளலாம். நான் டோரீன் பக்கம்.

வலிக்கவே இல்லை. அதுதான் வெண்டலுக்குத் தாங்கவில்லை. சுற்றியதைத் திரும்ப இறக்கினான். "சனிக்கிழமை காலையில சொல்றேன்" என்றான். வில் வேட்டைக் காலம் திறப்பது அன்றுதான். அன்று ஐந்து மணிக்கே கடை திறந்துவிடும்.

வாசலில் ஆர்லின் வழக்கம்போலக் கேட்டான். "பெட்டியில எடம் கெடக்கா?"

"கெடக்கு. உன் பெட்டியில?"

"எங்க பெட்டியில எடத்துக்கு என்ன பஞ்சம்" என்றான் ஆர்லின், சிரித்துக்கொண்டே. பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது.

"போன வருசம் நீ எத்தன மான்டா அடிச்ச?"

"டோரீன், தொண்ணுத்தெட்டுதான் இருக்கு. ரெண்டு புழு கொறையுது."

"எத்தன மான்டான்னு கேட்டேன்."

"ரெண்டு புழு கொறையுதுன்னேன்ல."

ஒன்றுதான். அந்த ஒன்று வெண்டல் வீட்டுக் கொட்டகையில் தொங்கியது.

5

வெண்டலின் பதிப்பு வேறு. வியாழக்கிழமை காலையில் என்னிடம் சொன்னான்: "அந்த வில்லு கோணல். ரெண்டும் குப்பை." நான் நம்பியதுபோலத் தலையாட்டினேன். சாயங்காலம் எறும்பு மருந்து வாங்க டோரீன் கடைக்குப் போனபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. எங்கள் வீட்டில் எறும்பு கிடையாது.

இனித் திருத்தம். கயிற்றுவில்லை நான் சொன்னது படம் அழகாக இருந்ததால் அல்ல.

வெண்டல் வேலைக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து பலகையின் அவன் முனை இரண்டு விரல் தாழ்ந்து எழுகிறது. மேப்பிள் பலகை கனமானது. பலகை சாய்ந்தால் மேற்பார்வையாளர் கண்ணில் படும். அதனால் நான் முனையைப் பிடிப்பதில்லை. நடுப்பக்கமாக ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறேன். பாரம் என் பக்கம் வந்துவிடும், பலகை மட்டமாக எழும். முதல் பத்தியில் வலித்த தோள் ஏன் வலிக்கிறது என்று இப்போது தெரிந்திருக்கும். வெண்டலுக்கு இது தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். எட்டு மாதமாக இரண்டு பேரும் வானிலை பேசுகிறோம்.

'சுத்துறத வாங்கு' என்று சொல்லியிருந்தால், நாங்கள் பேசாத அதைப் பேசியதாகியிருக்கும். அவன் தோள் கிழிந்தாலும் பரவாயில்லை, என் வாயிலிருந்து அந்தச் சொல் வரக்கூடாது என்றுதான் கயிற்றைச் சொன்னேன். இப்போது அவனால் படிக்க முடியாத மொழியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு வசதி பாருங்கள். இதற்குத் தைரியம் என்று பெயர் வைக்க இருந்தேன். (வைக்கவில்லை.)

இன்னொன்று. ஆர்லின் அடித்த அந்தப் பெண்மானில் இரண்டு வளையம் சாசேஜ் எங்கள் வீட்டுக்கும் வந்தது. தின்றேன். நன்றாக இருந்தது. மிளகு கொஞ்சம் கம்மி.

6

முடிவுகள்.

அ) கயிற்றுவில். சனிக்கிழமை காலை, மக்காச்சோள வயலோரம் பெண்மான் வருகிறது. வெண்டல் இழுக்கிறான். (என்னால் இதற்கு மேல் எழுத முடியாது. தோளும் வயிறும் ஒரே வாக்கியத்தில் கிழிகின்றன.)

ஆ) சுற்றுவில். மான் விழுகிறது. ஆர்லின் கொட்டகையில் தொங்குகிறது. கதவைத் தட்டாமல் வெண்டல் திரும்புகிறான், சூரியன் உதிக்கிறது. (சூரியனை எடுத்துவிட்டேன். அப்படியும் இது நடக்காதது போலவே இருக்கிறது.)

இ) ஆர்லினே சுற்றுவில்லை வாங்கிக் கொடுக்கிறான். (கூடவே கூடாது. கடன் இரண்டாகிவிடும்.)

இன்று வெள்ளிக்கிழமை. மதியம் வெண்டல் கேட்டான்.

"என்னடா, உன் கதையில நான் எதை வாங்கினேன்?"

"நீதான் சொல்லணும்."

"எழுதுறவன் நீ, சொல்றவன் நானா? நல்ல பொழப்புடா இது." ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து என் பக்கம் வைத்தான். "எதை வாங்குனாலும் மான் சதுப்புக்குப் போகக்கூடாது. அவன் பெட்டி காலியா கெடக்கு, சேத். போன வருசத்துல இருந்து."

வாயைத் திறந்தேன். சங்கு ஊதியது. சங்கு சரியாக அப்போது ஊதுவது கதைக்கு வசதியாக இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. போய்ப் பலகையைப் பிடித்தோம், வழக்கம்போல ஒரு முழம் தள்ளி.

இரண்டு தாள்களும் இப்போது என் மேசையில் இருக்கின்றன. கடை ஐந்து மணிக்குத் திறக்கும். எதை வாங்குவது என்று நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் அவனுக்கும் நடுவே பலகை எதுவும் இல்லை. நான் அவனிடம் சொல்லவேண்டிய ஒரு வாக்கியத்தை இன்னும் சொல்லவில்லை.

வெண்டல் ஆர்லினுக்கு ஒரு முழுப் பெண்மான் தர வேண்டும். இன்னும் தரவில்லை.