கோபுரமும் சிவப்புக் கூரையும்

ஹனோவர் நகரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, வீப்கே தன் கணவர் மோம்மேயை மறுபடி வடகடல் கரைக்கே கூட்டி வந்ததற்கு அவருடைய மறதிதான் காரணம். முப்பது வருடம் வழிகாட்டியாக இருந்தவர். கடல் உள்வாங்கும் நேரம் பார்த்து, சுற்றுலா வந்தவர்களைச் சேற்றுவெளி வழியே எதிர்த் தீவுக்கு நடத்திப் போவார். பழகிய மண்ணை மிதித்தால் புத்தி தெளியும் என்று வீப்கே அடித்துப் பேசினாள்.

"இலையுதிர் காலம் முடியட்டும்மா. அப்பவும் இப்படியே இருந்தார்னா, நான் பாத்து வச்சிருக்கிற முதியோர் இல்லம்தான்," என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

வந்த நாளிலிருந்து வீப்கே அவரைக் கூட்டிக்கொண்டு அலையாத இடமில்லை. துறைமுகம், ஆடு மேயும் அணைக்கரை, இறால் ரொட்டி விற்கும் மூலைக்கடை. எதைக் காட்டினாலும் மோம்மே மரியாதையாகத் தலையாட்டினார். அவளுக்கே பாதி ஊர் அடையாளம் தெரியவில்லை. இதில் அவருக்கு எதை நினைவுபடுத்துவது என்று எரிச்சலாக வந்தது.

செப்டம்பரில் ஒரு காலை, அணைக்கரை மேல் நின்றவர் குனிந்து காலணிகளைக் கழற்றினார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்.

"என்ன வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற வீப்கே? தண்ணி வடிஞ்சிருச்சு, வா."

அவர் வாயால் தன் பெயரைக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கீழே, இப்போதைய வழிகாட்டியான சொன்கே ஓரமாக உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"மோயின், மோம்மே அண்ணே!" என்று ஊர் வழக்கப்படி வணக்கம் சொன்னான். "அக்கா, பழைய தடத்துல போயிராதீங்க. போன புயல்ல சேத்துக்கு நடுவுல ஓடுற ஓடை இடம் மாறிருச்சு. நான் நட்ட குச்சியப் பாத்தே போங்க."

"குச்சியப் பாத்து நடக்கிறவனெல்லாம் வழிகாட்டியாம்!" மோம்மே சிரித்தார். "போடா, பால்குடி."

வீப்கேவுக்குச் சொன்கே சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. ஆனால் மோம்மே பேசத் தொடங்கிவிட்டாரே!

"அடிக்கடி திரும்பிப் பாரு. தேவாலயக் கோபுரம் அந்தச் சிவப்புக் கூரைக்கு நேரா நிக்கணும். கொஞ்சம் விலகுச்சுன்னாலும் கால் புதையும். ஏய், வாத்து மாதிரி நடக்காத!"

அத்தனையும் அந்தக் காலத்து மோம்மே. கோபுரமும் இருந்தது, கூரையும் இருந்தது, இரண்டும் நேராகத்தான் நின்றன. குச்சிகள் தள்ளி, இடது பக்கமாகப் போயின. அந்தப் பக்கம் கையைப் பிடித்து இழுத்தால் பேச்சு நின்றுவிடுமோ என்று அவளுக்குப் பயம். இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவருக்கு வழி மட்டும் தப்புமா என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு பின்னால் போனாள்.

ஓடை அகலமாகக் குறுக்கே கிடந்தது. மோம்மே தயங்காமல் இறங்கினார். மூன்றாவது எட்டில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறி அவரைச் சாய்த்தது. வீப்கே அவர் சட்டையைப் பற்றி, தானும் விழுந்து எழுந்து, எப்படியோ இழுத்து மேலே போட்டாள்.

அவர் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

"நேராத்தானே இருக்கு," என்றார். "நேராத்தானே இருக்கு?"

"நேராத்தான் இருக்கு மோம்மே. உன் மேல தப்பில்ல. புயல்ல ஓடைதான் நகர்ந்திருச்சு."

அவர் முகம் மெல்ல வெறிச்சோடியது. ஏதாவது திட்டு, வாத்து என்றாவது சொல் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் அவள் கையை மெதுவாக விலக்கினார்.

"பயப்படாதீங்கம்மா. நான் ஒருத்தரையும் நடுவுல விட்டுட்டு வந்ததில்ல. வீட்டுக்கு வாங்க, சூடா டீ குடிக்கலாம். என் பொண்டாட்டி வீப்கே காத்துக்கிட்டிருப்பா."

பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். இந்தச் சேற்றில் அவர் யாரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"கரை எந்தப் பக்கம்?"

வீப்கே அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்கேயின் குச்சிகளை நோக்கி நடந்தாள். சாயந்திரமே மகளுக்குப் போன் செய்துவிட வேண்டியதுதான்.