சைலன்சர் கரி

புல்வெட்டும் மிஷின் மறுபடியும் திணறி நின்றது. அற்புதம் தோள்வாரைக் கழற்றி அதைத் தரையில் சாய்த்து வைத்தாள். கிணத்துக்கடவு ரோட்டில் தென்னந்தோப்பை அழித்துக் கட்டிய வில்லா காலனி அது. ஐப்பசி மழைக்குப் புல் முழங்கால் உயரம் ஏறியிருந்தது. மிஷின் இழுக்காத இடங்களை ரங்கம்மாள் குத்தவைத்து அரிவாளால் அறுத்துக்கொண்டு வந்தாள். அதற்காகத்தான் சூப்பர்வைசர் அருண்குமார் அவளைக் கூடுதல் ஆளாகச் சேர்த்திருந்தான். மிஷினைக் கெடுத்தது அற்புதம்தான், இன்றைக்குள் ஓடாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சூடு ஆறியதும் சைலன்சரின் வாயைத் தடவிப் பார்த்தாள். விரலில் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிக்கொண்டு வந்தன. அந்த வாசனையை அவள் மறக்கவில்லை.

கல்யாணமான புதிதில் அவள் புருஷன் தாமஸ் ஒரு பழைய மொபெட் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு மதுக்கரை தாண்டிப் போவான். ஒருநாள் மேட்டில் வண்டி ஏறவில்லை. அவன் சைலன்சரைக் கழற்றி, சருகு கூட்டித் தீ மூட்டி, அதற்குள் போட்டான். கல்யாணப் பட்டுப்புடவையோடு அவள் மைல்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். புகையில் இருவருக்கும் கண் எரிந்தது.

"ஆயில் கூடிப்போச்சு அம்மணி. அதான் கரி அடைச்சுக்கிச்சு" என்று சிரித்தான்.

திரும்பும்போது வண்டி பறந்தது. ரோடு என்றும் பாராமல் அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரும்பு வார்க்கும் ஃபவுண்டரி வேலையில் தூசி அவன் நெஞ்சில் படிந்தது. அவன் போய்ப் பல வருஷங்கள் ஆகிவிட்டன.

அற்புதம் ரங்கம்மாளைக் கூப்பிட்டாள். இருவரும் காம்பவுண்டு ஓரம் தென்னமட்டையில் தீ மூட்டி, சைலன்சரைக் கழற்றி அதில் போட்டார்கள். சைலன்சர் புகைந்து புகைந்து அடங்கியது. ஆறியபின் ரங்கம்மாள் அதைப் பிடித்துக்கொள்ள, அற்புதம் கட்டையால் தட்டினாள். கரி கட்டி கட்டியாக உதிர்ந்தது. இன்ஜினில் புகை வெளியேறும் துளையையும் மூங்கில் சிராயால் சுரண்டி எடுத்தாள். சைலன்சரை மறுபடி மாட்டி, ஆயிலை அளந்து ஊற்றிப் பெட்ரோலைப் புதிதாகக் கலந்தாள்.

கயிற்றை இழுத்ததும் மிஷின் சீறிக்கொண்டு கிளம்பியது. மெல்லிய நீலப்புகை எழுந்து முகத்தில் பட்டபோது அவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஊட்டுக்காரரு சொல்லிக் குடுத்ததா அம்மணி?" என்றாள் ரங்கம்மாள்.

"இல்லீங்க்கா. பாத்துக்கிட்டு உக்காந்திருந்தனுங்க, அவ்வளவுதான்."

மூன்று நாள் வேலை என்று நினைத்திருந்த மேற்குப் பக்கம் முழுவதும் மாலைக்குள் முடிந்தது. அருண்குமார் வந்து சுற்றிப் பார்த்தான். முகம் தெளிந்தது.

"மிஷின் நல்லா இழுக்குதுங்களே" என்றவன் ரங்கம்மாள் பக்கம் திரும்பினான். "அப்ப நாளையிலிருந்து நீங்க வரவேண்டாமுங்க்கா."

அற்புதம் மிஷினை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "ஏனுங்க, அவங்களும் நானும் சேந்துதானுங்க இதைச் சரி பண்ணுனோம்..."

அவன் தலையாட்டியபடியே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தான்.

 ரங்கம்மாள் வெட்டிய புல்லைக் குவித்து முடித்துவிட்டு, "வாரேன் அம்மணி" என்று கிளம்பினாள். கேட்டில் வாட்ச்மேன் கை நீட்டினான். முழங்கை வரை கரி படிந்த கைகளால் அவள் பையை விரித்துக் காட்டினாள். சாக்கில் சுற்றிய அரிவாளையும் காலியான சோற்றுத் தூக்குப்போசியையும் அவன் புரட்டிப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தான்.