மெழுகு போடாத பூ

கல்யாணத்துக்குச் செய்கிற காகிதப் பூவை மெழுகில் முக்கி எடுப்பேன். வேர்வை பட்டாலும் துவளாது. சாவுக்குச் செய்கிற பூவுக்கு மெழுகு கிடையாது. மண்ணுக்குள் போவதற்கு மினுக்கு எதற்கு? ராயபுரத்தில் எங்கள் கோயிலைச் சுற்றியிருக்கும் எல்லா வீட்டுக்கும் இது தெரியும். மில் மேஸ்திரி அய்யாத்துரைக்கு மட்டும் தெரியவில்லை.

"மலர்வளையத்தை மெழுவு போட்டு பளபளன்னு செய், ஹில்டாம்மா. மானேஜரு தன் கையால வெக்கப்போறாரு," என்றான். காலை எட்டு மணி. பக்கத்து வீட்டில் ஐரீன் செத்துக் கிடந்தாள்.

பத்தொன்பது வயசு. திருவொற்றியூர் பக்கம் கடலை உடைக்கிற மில்லில் வேலை. முந்தின நாள் மத்தியானம் மிஷினை ஓட்டுகிற பெல்ட் அவள் முந்தானையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. மில் சொன்ன கதையோ வேறு. கூட இருந்த பெண்களோடு விளையாடிக்கொண்டு, முந்தானையைச் செருகாமல், தானாகப் போய் மாட்டிக்கொண்டாளாம். அய்யாத்துரை அதை இழவு வீட்டு வாசலில் நின்றே சொன்னான். அவன் சொன்னதைத் தெருவும் சொன்னது. ஐரீனின் அம்மா ஞானம் அக்கா அழுகையை நிறுத்திவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம்பொண்ணு வெளையாட்டுப் பொண்ணா? நீயே சொல்லு."

அவள் குரல் என் வீடு வரை கேட்டது. நான் மேஸ்திரி பக்கம் திரும்பினேன்.

"சாவுப் பூவுக்கு மெழுவு போடமாட்டேன், மேஸ்திரி."

"இன்னாமோ செய். நாலு மணிக்கு அடக்கம். வெள்ளையா, பெர்சா இர்க்கணும். இந்தா காயிதம்." ஒரு காகிதக் கட்டை என் மேஜை மேல் போட்டுவிட்டுப் போனான்.

உலகச் சண்டை முடிந்து வருஷம் ஒன்றாகியும் வெள்ளைக் காகிதம் கடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. மில் ஆபீஸில் கழித்துப்போட்ட தாளைத்தான் அய்யாத்துரை எனக்குக் கொண்டுவருவான். ஒரு பக்கம் எழுதியிருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். எழுத்தை உள்ளே வைத்து இதழ் சுருட்டினால் வெளியே வெள்ளை.

கட்டைப் பிரித்தேன். நடுவில் நாலாக மடித்த தாள்கள் மூன்று. வெளிமடிப்பில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் இருந்தன. உள்மடிப்பு விறைப்பாக இருந்தது. பாவிகள் வாங்கியிருக்கிறார்கள், பிரித்துப் பார்க்கத்தான் இல்லை. நான் பிரித்தேன். ஐரீனின் கையெழுத்து.

மூன்றும் இதே மேஜையில் எழுதியவை. இதழுக்குக் குறி போட நான் வைத்திருக்கும் காப்பியிங் பென்சிலால் எழுதினாள். அந்த எழுத்து காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் நல்ல ஊதா. யோசனை வரும்போதெல்லாம் பென்சில் நுனியை நாக்கில் வைத்துக்கொள்வாள். நாக்கெல்லாம் ஊதாவாகிவிடும். "நாவப்பயம் துன்னியாடி?" என்று ஞானம் அக்கா திட்டுவாள். ஞானம் அக்காவுக்குப் படிக்கத் தெரியாது.

'பெல்ட்டுக்கு மூடி இல்லை. போன வாரம் பூமாரியின் புடவை கிழிந்தது. தயவுசெய்து மூடி போட்டுத் தரவும்.' இது முதல் மனு. இரண்டாவதும் அதுவே. மூன்றாவது மனுவின் கடைசி வரி: 'யாராவது செத்தால்தான் மூடி வருமா?'

கத்தரிக்கோலோடு அப்படியே மில்லுக்கு ஓடியிருப்பேன். போய் என்ன? தாளைக் கையில் கொடுத்தால் மேஸ்திரி கிழித்துப் போடுவான். வாசலில் நின்று கத்தினால் பைத்தியம் என்று வாட்ச்மேனை விட்டுத் துரத்துவான். சவப்பெட்டி மேல் இருக்கிற பூவை மட்டும் எந்தக் கொம்பனாலும் கிழிக்க முடியாது.

உட்கார்ந்து வெட்டினேன். வரிக்கு ஒரு நாடா. எழுத்தை உள்ளே வைத்து, ஒவ்வொன்றையும் பின்னல் ஊசியில் இறுக்கிச் சுருட்டி, அடியில் மட்டும் பசை தொட்டேன். மூன்று மனுவும் வளையத்தின் நடுவில் மூன்று மொட்டுக் கொத்தாக நின்றன. சுற்றிலும் வெறும் வெள்ளைப் பூ. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "ஷோக்கா கீது," என்றான்.

கல்லறையில் மானேஜர் வளையத்தை வாங்கிப் பெட்டி மேல் வைத்தார். வைத்த கையோடு, "கவனக்குறைவு எவ்வளவு பெரிய ஆபத்து என்பதற்கு இந்தப் பெண் ஒரு பாடம்," என்று மில் பெண்களைப் பார்த்துச் சொன்னார். பெற்றவள் எதிரில், குழி ஓரத்தில் நின்று சொன்னார்!

பங்குச் சாமியார் ஜெபம் முடித்துப் பெட்டி மேல் தீர்த்தம் தெளித்தார். அடுத்து மானேஜர் தெளித்தார். பிறகு எல்லோரும் வரிசையாக வந்து தெளிப்பது எங்கள் வழக்கம். மில் பெண்களே நாற்பது பேர் இருந்தார்கள். பத்துப் பேர் தாண்டியதும் மொட்டுகள் இளகின. இருபதாவது ஆள் வந்தபோது ஒவ்வொன்றாகச் சுருள் அவிழ்ந்து, உள்ளேயிருந்து ஊதா எழுத்து மலர்ந்தது.

அப்போது பூமாரி முறை. குனிந்தவள் நிமிரவில்லை.

"பெல்ட்டுக்கு மூடி இல்லை," என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இதுல எம்பேரு கீதே!"

பின்னால் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அய்யாத்துரை பாய்ந்து வளையத்தைத் தூக்கக் கை நீட்டினான். அதற்குள் ஞானம் அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைப் பார்த்தாள்.

"இது எம்பொண்ணு நாக்குல கெடந்த கலரு. கைய எட்றா."

அவன் கையை எடுத்தான். மானேஜர் சத்தமில்லாமல் கேட் பக்கம் திரும்பினார். நாற்பது பெண்களும் பாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் "வழி விடுங்க," என்றார். ஒருத்தியும் அசையவில்லை.

"ஹில்டா, இன்னா சொல்லுது அது?" என்றாள் ஞானம் அக்கா. "எல்லாத்தையும் படி. அந்தாளு காதுல வுழற மாதிரி படி."

நான் முதல் மனுவின் தேதியிலிருந்து ஆரம்பித்தேன்.